வள்ளம் போகாத நாள்

கயத்தாறு இசக்கிசெல்விக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வீட்டில் நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். தூத்துக்குடிக்கு நர்சிங் படிக்க வந்த பிறகு அந்தக் குணமே கைகொடுத்தது. பிரசவ வார்டில் ஓடினாள். குழந்தைகள் வார்டில் இன்னும் வேகமாக ஓடினாள். மனநல வார்டில்தான் மாட்டிக்கொண்டாள். அங்கே நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும், அதுதான் வேலை. இதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று அவளுக்கு எரிச்சல். போதாததற்கு, லீவு எடுத்த நாளுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி.

அன்று அவளுக்கு எதிரே கட்டிலில் கடற்கரைத் தெரு ஜெசிந்தா. பிள்ளை பெற்றதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. பிள்ளையைத் தொடுவதுமில்லை.

“இன்னைக்கு என்ன கிழமைக்கா?” காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள் இசக்கி.

“வள்ளம் கடலுக்குப் போவாத நாளு.”

நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கும் தாளில் ‘கிழமை தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினாள்.

அப்போது ஜெசிந்தாவின் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இசக்கி சிடுசிடுத்தாள். “இத்தன நாளா எங்கண்ணே போனிய?”

“தெனம் கடலுக்குப் போயிருதேன், சிஸ்டர். ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் எங்க வள்ளம் போவாது.”

இசக்கிக்கு முகம் சுண்டிவிட்டது. எழுதியதை அடித்தாள். திருத்தியதற்குப் பக்கத்தில் தேதி போட வேண்டும். என்ன தேதி? எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

“அக்கா, இன்னைக்கு என்ன தேதி?”

ஜெசிந்தா பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினாலு. இவன் பொறந்து முப்பத்தோரு நாளாச்சு.”