காலியிடம் இல்லாத நூற்பட்டியல்

டைப் அக்காவைத் தெரியாத ஆள் எங்கள் பல்கலைக்கழகத்தில் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து தருகிறவர். அதே கடையின் மறுபாதியில் உட்கார்ந்து அவற்றுக்கு அட்டை கட்டுகிறவன் நான். ‘அக்கா கை பட்டால் திருத்தமே வராது’ என்று பேராசிரியர்களே சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. பைண்டரை யார் பாராட்டுகிறார்கள்?

ஆய்வேட்டின் கடைசியில், படித்த நூல்களையும் கட்டுரைகளையும் பட்டியல் போட வேண்டும். மாணவர்கள் கொண்டுவருவது எப்போதும் அரைகுறைதான். ஒன்றில் ஆண்டு இருக்காது, இன்னொன்றில் பக்க எண் இருக்காது. அந்த இடத்தில் அக்கா ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு, போனில் மாணவரின் உயிரை எடுப்பார். விவரம் வந்த பிறகுதான் குறியை அழிப்பார். போன வருடம் செயற்கை நுண்ணறிவு வந்தது. பட்டியலை அதில் போட்டு ‘வரிசைப்படுத்து’ என்றால் அரை நிமிடத்தில் பளிச்சென்று வந்து விழுந்தது. அக்காவின் முதுகுவலி பாதியாகக் குறைந்தது.

அன்று காலை ஒன்பதரைக்கு ஒரு மாணவரின் பட்டியலை அடித்துக்கொண்டிருந்த அக்கா சட்டென்று நிறுத்தினார்.

“இந்தக் கட்டுரை நம்ம டீச்சரோட ஆய்வேட்டுலயும் இருக்கு. ஆனா பக்க எண் வேற.”

டீச்சர் என்பவர் பள்ளிக்கூட வேலையோடு ஏழு வருடம் ஆய்வு செய்தவர். அன்று பதினோரு மணிக்கு அவருக்கு வாய்மொழித் தேர்வு. அக்கா டீச்சரின் கையெழுத்துப் பட்டியலைத் தேடி எடுத்தார். அதில் பக்க எண்ணே இல்லை. இப்படிப் பதினோரு இடம் காலியாக இருந்தது. செயற்கை நுண்ணறிவு வரிசைப்படுத்திக் கொடுத்து அச்சிட்ட ஆய்வேட்டில் ஒன்றுகூடக் காலியில்லை.

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லாதா அது? தானா ஒரு நம்பர் போட்டுக்குமா?”

எனக்குப் பசையும் ஊசியும்தான் தெரியும், என்ன சொல்ல? இல்லாத ஆதாரத்தைக் காட்டினார் என்று போன மாதம்தான் வேறொரு துறையில் ஒருவரின் ஆய்வேட்டை மொத்தமாகத் தள்ளியிருந்தார்கள்.

டீச்சரின் போன் அணைந்திருந்தது.

“விடுங்கக்கா. அதையெல்லாம் யாரு ஒண்ணொண்ணா பாக்கப் போறாங்க?” என்றேன். நல்ல எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கா பேர் கெட்டால் என் பிழைப்பிலும் மண்.

“பாத்துட்டா? தப்பு பண்ணுனது நானு. மாட்டிக்கிறது அவங்க.” செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

துறைத் தலைவர் அறையில் டீச்சரும் இருந்தார். அக்கா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை.

“நான் திரும்பப் பாக்கவே இல்லக்கா. நீங்க அடிச்சா சரியாத்தான் இருக்கும்னு…”

அக்கா தலை குனிந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

“எல்லாத்தையும் சரிபார்த்தேன்னு கையெழுத்து போட்டது நீங்கதானேம்மா?” என்று தலைவர் டீச்சரைக் கேட்டார். “இன்னைக்குத் தேர்வு வேண்டாம். வெளித்தேர்வாளர்கிட்ட நானே சொல்றேன். ஒவ்வொரு புத்தகத்தையும் கையில வச்சுப் பாத்து பட்டியலத் திருத்துங்க. ஒரு மாசம் டைம்.”

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் கதவைத் திறந்தேன்.

“நில்லுங்கம்மா,” என்றார் தலைவர் அக்காவிடம். “இந்த ஒரு வருஷத்துல வேற யாருக்கெல்லாம் இப்படிச் செஞ்சீங்க?”

அக்கா என்னைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“பாதிப் பேர் பட்டம் வாங்கிட்டாங்க சார். சிலர் வேலைக்கும் போயிட்டாங்க.”

“அவங்க பேரத்தான் முதல்ல எழுதணும்.” தலைவர் ஒரு வெள்ளைத் தாளை அக்கா பக்கம் நகர்த்தினார்.

அக்கா உட்கார்ந்து எழுதினார். ஒன்பதாவது பெயர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. பேனா அப்படியே நின்றது. அந்த ஆய்வேட்டின் அட்டையில் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்தவன் நான். போன மாதம்தான் வேலை கிடைத்ததென்று கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போன பெண். அவள் பெயரைச் சொன்னேன்.