மூன்று நாளாய் நக்குகிறது

சலவைக் கடையின் பின்னறையில் முப்பது வருடமாகக் கறை எடுப்பவர் அவர். கடையில் எல்லோருக்கும் அவர் கறைக்காரர். கூடப்பிறந்த அக்காவும் எரிச்சல் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். துணியை முகர்ந்து, ஈர விரலால் தடவிப் பார்த்து, இது மை, இது துரு, இது பழச்சாறு என்று சொல்லிவிடுவார். கறை எத்தனை நாள் பழசு என்பதைத் துணி சொல்லாது. ஆள்தான் சொல்ல வேண்டும். ஆள் சொல்வதில்லை. ஆறு மாதம் அலமாரியில் கிடந்து மஞ்சளேறிய சட்டையை நீட்டி, "நேத்துதாங்க பட்டுச்சு" என்பார்கள். நேற்றைய கறைக்கான மருந்தைப் பழைய கறையில் வைத்தால் துணியே ஓட்டையாகிவிடும்.

"கறைக்கு எங்கிட்ட மருந்து இருக்கு. பொய்க்கு இல்ல" என்று அவர் உள்ளிருந்தே சத்தம் போடுவார்.

"ஆமா, நீங்க அரிச்சந்திரன். நாங்கல்லாம் அவனுக்கு அடுத்த வீடு" என்பாள் முன்னால் துணி வாங்கிப்போடுகிற பெண்.

தன் மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அக்கா ஆறு மாதத்துக்கு மகள் வீட்டுக்குப் போனாள். போகும்போது பதின்மூன்று வயதான தன் பூனையை அவரிடம் விட்டாள். அதன் பெயரே கிழவி என்றாகியிருந்தது. ஒரு வாரத்தில் கிழவி அடிவயிற்றை நக்கத் தொடங்கியது. பூனை நக்கத்தானே செய்யும்? ஆனால் இது சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு நக்கியது. தூக்கத்தில் விழித்து நக்கியது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நம்ம கடைக்கு வர்றவங்களைவிட இது சுத்தம்" என்று கடையில் சொன்னார். தன் தொழிலின் கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்க்கிறவனுக்கு வரும் குருட்டுத்தனம் அது.

மூன்றாம் மாதத்தில் வயிற்றில் முடியே இல்லை. வெறும் தோல் வெளிறிய சிவப்பில் தெரிந்தது. ஏன் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அக்கா பார்த்தால் என்ன சொல்வாள் என்பதுதான் முதலில் தோன்றியது. கோட்டுக்கு உள்ளே தைக்கும் வழவழப்பான துணியில் மிஞ்சியதை எடுத்து, நான்கு காலும் நுழைகிற மாதிரி ஒரு சட்டை தைத்து மாட்டிவிட்டார்.

"என்ன சார், பூனைக்கு வேலை கிடைச்சிருச்சா? யூனிஃபார்மெல்லாம் பலமா இருக்கு" என்றார் மாடிவீட்டுக்காரர்.

"குளிருதுன்னு போட்டேன்" என்றார் இவர். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஞாயிறுதோறும் அக்கா போன் செய்வாள்.

"சாப்பிடுறாளா?"

"சாப்பிடுறா."

"சண்டித்தனம் பண்றாளா?"

"உன் பூனைதானே, அது இல்லாமலா?"

ஒன்றும் பொய்யில்லை. அவள் கேட்காததை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். மனிதன் தன்னிடம் நேர்மையாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது.

நான்காம் மாதக் கடைசியில், சட்டையைக் கழற்றியபோது தோலில் ரத்தம் கசிந்தது. கூடையில் போட்டு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் சின்ன வயதுப் பெண். பூனையைத் திருப்பிப் பார்த்தாள்.

"வயசான பூனை இப்படி நக்குறதுக்குப் பல காரணம் இருக்கும் சார். தெள்ளுப்பூச்சி, சாப்பாடு ஒத்துக்காம வர்ற அரிப்பு, தைராய்டு, மூட்டுவலி, மூத்திரப்பையில வலி. பழகின ஆள் இல்லாத ஏக்கத்துலகூட நக்கும். எத்தனை நாளா இருக்கு?"

"மூணு நாளா" என்றார்.

அந்தக் குரல் அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல். பின்னறையில் உட்கார்ந்து அவர் தினமும் கேட்கிற, நேத்துதாங்க என்கிற குரல்.

"மூணு நாள்லயா இவ்வளவு முடி போச்சு?"

"வேகமா நக்குறா டாக்டர்."

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அட்டையில் "3 நாள்" என்று எழுதினாள். "புதுசுன்னா பூச்சியா இருக்கலாம். இந்தச் சொட்டு மருந்தைக் கழுத்துல விடுங்க. குறையலன்னா பத்து நாள்ல வாங்க."

எட்டாம் நாள் காலையில் கிழவி மூத்திரம் போகும் மண் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்து கத்தியது. மண்ணில் இளஞ்சிவப்பாக இரண்டு சொட்டு. அது என்ன கறை என்று அவர் குனிந்து முகர வேண்டியிருக்கவில்லை.

டாக்டரின் மேசையில் பூனையை வைத்ததும், அவள் கேட்பதற்கு முன்பே சொன்னார். "அன்னிக்கு மூணு நாள்னு சொன்னேன். பொய். நாலு மாசம்."

அவள் அட்டையில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். "அந்தச் சட்டை?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னு நான்தான் தைச்சேன்."

படம் எடுத்ததில் மூத்திரப்பையில் இரண்டு கல் தெரிந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும்; அதற்கு முன் சில நாள் மருந்து கொடுத்துப் புண்ணை ஆற்ற வேண்டும்.

"உள்ள வலிச்சிருக்கு, மேல நக்கியிருக்கா. அவளுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதுதான்" என்றாள். "நாலு மாசம்னு சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே இந்தப் படத்தை எடுத்திருப்பேன்."

அவள் திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் திட்டவில்லை. எத்தனை மணிக்கு எந்த மருந்து என்று சொல்லிக்கொண்டே போனாள்.

வெளியே வந்து, படிக்கட்டில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவுக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லையென்பதால் எடுத்தவுடன் அவள், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். நான்கு மாதம், சட்டை, மூன்று நாள் என்ற பொய், எதையும் விடாமல் சொன்னார். மறுமுனையில் பேரக்குழந்தை சிணுங்கியது.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுக்கா."

"உன் வெக்கத்துக்கு அவ வலி தாங்கணுமா?"

அவர் கூடைக்குள் கைவிட்டுக் கிழவியின் தலையைத் தடவினார். அவளே தொடர்ந்தாள்.

"சனிக்கிழமை வரேன். ஆபரேஷன் முடிஞ்சதும் அவளை என்கூடவே கூட்டிட்டுப் போயிடுவேன்."

"சரிக்கா."

"அதுவரைக்கும் நேரத்துக்கு மருந்து குடு. குடுத்தேன்னு எங்கிட்ட சொல்ல வேண்டாம். குடு."