தலைகீழாய் நிற்கும் ஜெர்மன் ஜாடிகள்

இந்த ஊரில் ஒரு வினோதமான பண்டிகை உண்டு. அதற்குத் தேவாலயமும் கிடையாது, விடுமுறையும் கிடையாது. நகராட்சி அறிவித்த நாளுக்கு முந்தின சாயங்காலம் ஜனங்கள் தங்களுக்குப் பிடிக்காமல் போன நாற்காலி, மெத்தை, அலமாரி, விளக்கு எல்லாவற்றையும் தூக்கிவந்து நடைபாதையில் வரிசையாக வைத்துவிடுவார்கள். காலையில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். ஷ்பெர்முல் என்று பெயர். முதல் தடவை பார்த்தபோது தெருவையே யாரோ ஜப்தி செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சித்தூரில் ஒரு வீட்டுச் சாமான் தெருவுக்கு வந்தால் அதற்குக் கோர்ட்டு உத்தரவோ, புதிதாக வந்த மருமகளோ காரணமாக இருக்க வேண்டும். இங்கே காரணம் எதுவும் வேண்டியதில்லை. அலுத்துப் போனால் போதும்.

அப்படி ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து நடந்து வரும்போது, கிழிந்த சோபா ஒன்றின் பக்கத்தில் ஒரு பூ ஜாடியைப் பார்த்தேன். நல்ல ஆரஞ்சு நிறம். ஆனால் கழுத்திலிருந்து இடுப்புவரை கறுப்பாக, கரடுமுரடாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது, பால் பொங்கி அடுப்பில் தீய்ந்த மாதிரி. தேய்த்தால் போய்விடும், இதைப் போய்த் தூக்கிப் போட்டிருக்கிறார்களே, ஜெர்மன்காரர்களின் சுத்தம் இவ்வளவுதானா என்று ஏளனமாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமையலறைத் தொட்டியில் போட்டுக் கம்பி நாரால் தேய்க்கத் தொடங்கினேன். சத்தம் கேட்டுக் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரி கெஸ்லர் அம்மாள் மேலே ஓடிவந்தார். "நிறுத்துங்கள்! அது அழுக்கு இல்லை, அதுதான் அழகு" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். யுத்தம் முடிந்து வீடுகளை மறுபடி கட்டியெழுப்பிய காலத்தில் இந்த ஜாடிகள் வந்தனவாம். எரிமலைக் குழம்பு மாதிரி மேல்பூச்சு கொதித்து, கொப்புளித்து, உறையும்படி சூளையில் வைத்துச் சுடுவார்களாம். ஒவ்வொரு தொழிற்சாலையும் போட்டி போட்டுக்கொண்டு கரடாக்கியதாம். அவ்வளவு அழகென்றால் ஏன் தெருவில் கிடந்தது என்று கேட்டேன். "எல்லார் வீட்டிலும் இருந்ததே, அதனால்தான்" என்றார். நாகரிகம் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. மற்ற நர்சுகள் சனிக்கிழமைகளில் துணி வாங்கப் போவார்கள். நான் பழைய சாமான் சந்தைக்குப் போய் அடுத்தவர் அலுத்துப்போனதைப் பொறுக்குவேன். பலாத்தோல் மாதிரி முள்முள்ளாய் ஒன்று, தோசை வேகும்போது விழும் கண்கள் மாதிரி துளை துளையாய் ஒன்று, நீலத்தின்மேல் சாம்பல் படிந்தது ஒன்று. கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவினால்தான் அதன் அருமை தெரியும். எல்லாவற்றுக்கும் அடியில் மண்ணோடு மண்ணாக அழுத்தி 'வெஸ்ட் ஜெர்மனி' என்றும், அச்சு எண்ணும் உயரமும் போட்டிருக்கும். பிறந்த ஊரை அடியில் மறைத்து வைத்துக்கொள்ள ஜாடிக்கு முடிகிறது. என்னைப் பார்த்தால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கூட முதலில் கேட்பது அதைத்தான்.

கெஸ்லர் அம்மாளுக்கு என் ஊரைப் பற்றிச் சந்தேகங்கள் அதிகம். "உங்கள் நாட்டில் பூ உண்டா?" உண்டு என்றேன். "பூ ஜாடி?" எங்கள் வீட்டில் கிடையாது என்றேன். "அப்படியானால் பூவை எங்கே வைப்பீர்கள்?" தலையில் வைப்போம், சர்ச்சில் பலிபீடத்தில் வைப்போம், செத்தவர்களுக்கு வைப்போம் என்றேன். "பாவம், மேஜைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தலையில் ஒரு விக் ஏறும். அசல் மனித முடி என்று பெருமைப்படுவார். எங்கள் சித்தூருக்குப் பக்கத்தில் திருப்பதி என்று ஒரு ஊர், அங்கே ஜனங்கள் மலையேறிப் போய் முடியைக் காணிக்கை கொடுப்பார்கள் என்று ஒருநாள் சொன்னேன். "அவ்வளவு முடியும் பிறகு எங்கே போகும்?" என்று கேட்டார். கப்பல் ஏறும் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் தலையைப் பார்த்துவிட்டு, காப்பி போடட்டுமா என்று கேட்டேன். அந்த முடியாவது ஜெர்மன் பரீட்சை எழுதாமல், விசாவுக்குக் கால்கடுக்க நிற்காமல் வந்து, நேராக ஒரு தலையில் இடம் பிடித்துவிட்டது.

இடம் என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு என்றைக்காவது சித்தூருக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்காகவே நான் அனுப்பிய பணத்தில் தம்பி சாமுவேல் கட்டிய வீட்டில், மாடி முன்னறை எனக்கு என்று பேச்சு. சும்மா பேச்சை நம்பி இருக்க முடியுமா? பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட்டுப் பிடிப்பவர்கள் நாம். எனவே ஒவ்வொரு லீவுக்கும் ஒரு ஜாடியைக் கொண்டுபோய் அந்த அறையில் வைத்துவிட்டு வருவேன். வரிசையாக நின்று அவை என் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பது என் கணக்கு. முதலில் எடுத்த அந்த ஆரஞ்சு ஜாடிக்குச் சந்தையில் அச்சு அசலாக ஒரு ஜோடி கிடைத்தது. பெட்டியில் ஒன்றுக்குத்தான் இடமிருந்தது. ஒன்றைக் கொண்டுபோனேன், மற்றது இங்கேயே ஜன்னலில் நின்றது.

கொண்டுபோனதற்கு ஊரில் கிடைத்த ஒரே ரசிகர் எங்கள் அப்பா, நைனாதான். மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கஷாயம் பொங்கி ஊத்திக்கினு கீது!" என்று சிரித்தார். மாடிக்கு அனுப்பவிடாமல் தன் கட்டிலருகே வைத்து, மூக்குக்கண்ணாடியையும் விசிறியையும் அதில் போட்டுக்கொண்டார். போன வருஷம் அவர் போய்விட்டார். அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தந்தி வந்து சேர்ந்தது. அந்தத் துக்கத்தை யாரிடம் அழுவது என்று தெரியாமல் டியூட்டிக்குப் போனேன். மேல்நர்சு, "உங்கள் நாட்டில் துக்கத்துக்கு எத்தனை நாள் லீவு?" என்று அக்கறையாக விசாரித்தார்.

கடந்த டிசம்பரில்தான் ஊருக்குப் போக முடிந்தது. மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ்காரர் டேப் ரெக்கார்டர் இருக்கிறதா, கைக்கடிகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, துண்டில் சுற்றியிருந்த புது ஜாடியை வெளியே எடுத்தார். உள்ளே கைவிட்டுத் துழாவினார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்து, போகச் சொன்னார். சித்தூருக்கு நேர் பஸ் கிடைக்காமல் திருப்பதி போய் மாறினேன். பஸ் நிறைய மொட்டைத் தலைகள், சந்தன வாசனை, லட்டு வாசனை. ஜாடியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நகரியில் தறி ஓட்டும் பெரியவர் ஒருவர், அவரும் மொட்டை. விமானக் கம்பெனியின் பையையும் மடியிலிருந்த துணிப் பொட்டலத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, அஸ்தியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நாங்கள் புதைக்கிறவர்கள், எரிப்பதில்லை; இது பூ ஜாடி; அதிலும் அழுக்கு மாதிரி தெரிகிற அழகான ஜாடி; இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் சித்தூரே வந்துவிடும். தலையை ஆட்டிவைத்தேன்.

"ஃபாரின்ல பூட்டாரா?"

அதற்கும் ஆட்டினேன்.

"அழுவாதம்மா. எங்க போனா இன்னா, ஊருக்குக் கொண்டாந்து சேத்துட்டியே. அது போதும்" என்றவர் எழுந்து, முழு சீட்டையும் எனக்கு விட்டுவிட்டுச் சித்தூர்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார். அப்போதுதான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்தில் புது ஷோகேஸ் தெரிந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே டியூப்லைட். அதற்குள் நான் மாடியறைக்கென்று கொண்டுவந்த ஜாடிகள் அத்தனையும் வரிசையாக நின்றன. அத்தனையும் தலைகீழாக.

"ஏன் குளோரி, எல்லாத்தையும் கவுத்து வெச்சிருக்கே?" என்று தம்பி மனைவியைக் கேட்டேன்.

"நேரா வெச்சா இன்னான்னுக்கா தெரியும்? வர்றவங்க எல்லாம் பானை தீஞ்சி போச்சான்னு கேக்கறாங்க. கவுத்து வெச்சாதானே வெஸ்ட் ஜெர்மனின்னு எழுதிக்கீறது தெரியுது! பக்கத்து வூட்டு டீச்சரம்மா எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு ஆடிப் பூட்டாங்க, தெலுசா?"

அது இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் கம்பி நாரால் அழிக்கப் பார்த்த அழகை இவள் ஒரு திருப்பு திருப்பியே ஒழித்துவிட்டாள். எந்தச் சந்தையில் எந்த ரசிகன் ஜாடியின் அடியைப் பார்த்து மயங்கினான்? யோசித்தால் நானும் விலை பேசுமுன் முதலில் அடியைத்தான் புரட்டிப் பார்ப்பேன். அதனால் புது ஜாடியை நேராக அறையிலேயே வைக்கலாம் என்று மாடிப்படி ஏறினேன். மேலேயிருந்து கல்மழை மாதிரி சத்தம்.

"இரு அக்கா, இப்ப ஹையர் பேட்ச் நடக்குது" என்று சாமுவேல் ஓடிவந்தான். என் அறை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஆகியிருந்தது. வாசலில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பலகைகூட மாட்டியிருந்தான்.

"என் ரூம்னு சொன்னியேடா?"

"உன்னுதுதான்க்கா, யாரு இல்லன்னது? பூட்டியே கெடந்தா கரையான் ஏறிக்கினு வருது. நீ எங்கக்கா வரப்போறே? வந்தாலும் ஒரு மாசம். கீழ கட்டில் போட்டுக் குடுக்கறோம்."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. நான் திரும்பி வருவேன் என்று நம்பிக்கொண்டிருந்தது இத்தனை வருஷமும் நானும் சில ஜாடிகளும் மட்டுந்தான் போலிருக்கிறது. ஜாடிகளும் கட்சி மாறிக் கூடத்துக்கு வந்துவிட்டன. கோபத்தை அடக்கிக்கொண்டு, நைனா கட்டிலருகே இருந்த ஆரஞ்சு ஜாடி ஷோகேஸில் இல்லையே, அது எங்கே என்று கேட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சாயந்திரம் வாக்கா, காட்டறோம்" என்றான்.

கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் எல்லாக் கல்லறைகளுக்கும் சுண்ணாம்பு அடித்து வெள்ளைவெளேரென்று இருந்தது. நைனாவின் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் வெட்டியிருந்தார்கள். அதற்கு மேலே, தலைமாட்டில், சிமென்ட் போட்டுப் பதித்திருந்தது என் ஆரஞ்சு ஜாடி, கவிழ்த்தபடி. வானத்தைப் பார்த்து 'வெஸ்ட் ஜெர்மனி' என்ற எழுத்து. சித்தூரைத் தாண்டி வேலூர் ஆஸ்பத்திரிக்கு மேல் போகாத மனிதர் அவர். உயிர்த்தெழும் நாளில் தேவதூதர்கள் இந்த முத்திரையைப் பார்த்துக் குழம்பி, அவரை ரைன் நதிக்கரையில் இறக்கிவிடாமல் இருக்க வேண்டும்.

"நைனாவுக்கு அதுமேல ஆசைக்கா. யாருக்கும் குடுக்க மனசு வரல" என்றாள் குளோரி. "நேரா வெச்சா மழைத்தண்ணி நின்னு கொசு வருது. அதான் கவுத்துட்டோம்."

கையை நீட்டித் தடவினேன். அந்தக் கரடு விரலில் பட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் புல் செதுக்கி, செங்கல் நட்டு, ஆள் நீளத்துக்கு ஒரு இடம் காலியாக விட்டிருந்தது.

"அது உனுக்குதான்க்கா" என்றான் சாமுவேல். "சபையில சொல்லி நைனா பக்கத்துலயே புடிச்சி வெச்சிருக்கோம். யார் கேட்டாலும் உடல."

"ரூம்பு போனா போவுது, இதை உட்டுடுவோமா?" என்றாள் குளோரி ஆதரவாக. "இதோட ஜோடி அங்க கீதுன்னு சொன்னியே, யாருக்கும் குடுத்துடாத. அப்ப வேணும்."

"அதையும் கவுத்துத்தான் வெப்பீங்களா?" என்று கேட்டேன்.

தம்பி உண்மையாகவே யோசித்தான். "வேணாம்க்கா. உனுக்கு நேராவே வெச்சுடலாம். நீ ஃபாரின்னு ஊருக்கே தெரியுமே."

திரும்பி வந்து சில வாரங்களில் மறுபடியும் ஷ்பெர்முல் வந்தது. தெருவெல்லாம் நாற்காலிகள். காலையில் லாரி வருமுன் கெஸ்லர் அம்மாள் மாடிக்கு வந்து, அந்த ஆரஞ்சு ஜாடியை இந்த முறையாவது வெளியே வைத்துவிடலாமே, அழகுதான், ஆனால் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்றார். முடியாது, அதற்கு வேலை இருக்கிறது என்று கல்லறை விஷயத்தைச் சொன்னேன். இந்த நாட்டில் கல்லறைக்கும் குத்தகைதான்; கெடு முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் கல்லைப் பெயர்த்துவிட்டு வேறொருவரை வைத்துவிடுவார்கள். எனவே அவருக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது.

"எத்தனை வருஷத்துக்கு?" என்றார்.

"வருஷக் கணக்கு இல்லை. எப்போதைக்கும்."

"அதிர்ஷ்டசாலி!" என்றவர் கதவுவரை போய்த் திரும்பினார். கேலியே தெரியாத மனுஷி, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "சரி, அதுவரைக்கும் அங்கே எங்கே தங்குவீர்கள்?"

அவர் போன பிறகு ஜன்னலிலிருந்து ஜாடியை எடுத்தேன். நேராக வைத்தால் கெஸ்லர் அம்மாளுக்கு அலுத்துப்போன ஜாடி; கவிழ்த்து வைத்தால் குளோரியின் ஷோகேஸ் சாமான். கீழே லாரி வந்து ஒவ்வொன்றாக அள்ளும் சத்தம் கேட்டது. எப்படி வைப்பது என்று தெரியாமல், அதை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்தபடி, திருப்பதி பஸ்ஸில் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.