வைகாசிச் செவ்வாய்

"உங்க ஊர்ல கொடை எப்போ?"

ஷெர்லின் இதைக் கேட்டபோது வேலை கேட்டு எதிரே வந்த பெண் நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்திருந்தாள். ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்த பதில்கள் எல்லாம் அவள் வாயில் தயாராக இருந்தன. கம்பெனியோடு சேர்ந்து நானும் வளர வேண்டும் என்பது முதல் பதில். அதற்கான கேள்வி வரவில்லை.

"அம்மன் கோயில் கொடையா மேடம்?"

"ஆமா. தென்காசிப் பக்கம்னு போட்டுகீது. கொடை இல்லாத ஊரா?"

"வைகாசியில வரும் மேடம். போன வருசம் மொத செவ்வாக்கெழம."

"அதுக்கு மூணு நாள் லீவு உண்டு. சொல்லிட்டுப் போ, சொன்ன நாளுக்கு வா. யாரையும் சாவடிக்காத."

பேச்சி என்ற அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்தபிறகு இங்கே சிரிக்கலாமா என்று பார்த்தாள். ஷெர்லின் அவள் பெயருக்கு எதிரே டிக் போட்டாள்.

ஒரகடத்துக் கம்பெனிகளில் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது. சாவுக்கு மட்டும் கிடைக்கும். அதனால் தாத்தாக்கள் இறந்துகொண்டே இருந்தார்கள். படப்பை சாம்சனின் தாத்தா மூன்றாவது முறை இறந்தபோது சூப்பர்வைசர் பூர்ணிமா, "இந்தத் தடவையாவது நல்லா ஆழமாத் தோண்டச் சொல்லுடா" என்று சொல்லித்தான் அனுப்பினாள். பொய் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இன்னொன்று செய்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அடையாள அட்டையைக் கேன்டீன் மேஜையில் கழற்றி வைத்துவிட்டு கேட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். திரும்ப வர முகம் இருக்காது.

ஷெர்லின் மண்ணூர்க்காரி. பிளஸ் டூ முடித்த கையோடு காருக்கு வயர்க்கட்டு செய்யும் இந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். போர்டில் வயர்களை வரிசையாகப் பதித்து டேப் சுற்றுகிற வேலை. கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டோருக்கு மாற்றினார்கள். சேர்க்கிற ஆள் எல்லாம் ஒழுகிப் போகிறதே என்று மேனேஜர் உதயசூரியன் தலையைப் பிய்த்துக்கொண்டபோது, "ஒருதடவை நான் எடுக்கட்டுமா சார்?" என்று கேட்டாள். ஆள் எடுக்க ஒரு காண்ட்ராக்டரும் காத்துக்கொண்டிருந்தான். அவனை நிறுத்தி வைத்துவிட்டு உதயசூரியன் இவளிடம் கொடுத்தார். இவள் எடுத்த ஆட்கள் தங்கினார்கள். ரகசியம் ஒன்றுமில்லை. வேலை கஷ்டம் என்று யாரும் ஓடவில்லை, ஊரில் விசேஷம் என்றுதான் ஓடினார்கள் என்பது லைனில் நின்றவளுக்குத் தெரியும்.

"நீ ஆள் எடுக்குறியா, பஞ்சாங்கம் பாக்குறியா?" என்பார் உதயசூரியன். கேலிதான். ஆனால் தடுக்கவில்லை.

பங்குனி முடியும்போது பேச்சியும் அவளோடு ஹாஸ்டலில் தங்கியிருந்த தெற்கத்திப் பெண்கள் சிலரும் கேன்டீனில் ஷெர்லினைச் சுற்றி நின்றார்கள்.

"அக்கா, ஊர்க்கூட்டம் போட்டு நாள் குறிச்சிட்டாவ. வைகாசி ரெண்டாஞ் செவ்வா."

"மொத செவ்வாதானே சொன்ன?"

"அது போன வருசம்லா."

"எங்க ஊர்லயும் ரெண்டாஞ் செவ்வாதான்க்கா" என்றாள் முத்துச்செல்வி. அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

ஷெர்லின் சாதத்தில் கை வைத்தபடி இருந்தாள். மண்ணூரில் அவர்கள் மாதா கோயில் திருவிழாவுக்குத் தேதி மாறுவதில்லை. அவள் பிறப்பதற்கு முன்பு எந்தத் தேதியில் கொடி ஏறியதோ அதே தேதியில்தான் இன்றும் ஏறுகிறது. அம்மன் கொடையும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். ஊர் ஊராகத் தேதி கேட்டு, ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பார்த்துப் பார்த்து ஆள் எடுத்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் உட்கார்ந்து பேசி நாள் குறிப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

உதயசூரியன் கத்தவில்லை. "பாதிப் பேர அனுப்பு. மீதிப் பேருக்குத் தாத்தா சாவட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்றார்.

"எல்லாருக்கும் சொல்லிதான் சார் எடுத்தேன்."

"மதிய ஷிப்ட்ல பாதி லைன் அவங்கதான். லைன் நின்னா காண்ட்ராக்டர் வந்துருவான் ஷெர்லின். நீ ஸ்டோருக்குத்தான் போவணும்."

"தெரியும் சார்."

ஸ்டோர் ஒன்றும் நரகமில்லை. ஆனால் பாதிப் பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அடுத்த வருஷம் எந்தப் பெண்ணிடமும் கொடை எப்போது என்று கேட்க முடியாது. கேட்டாலும் உண்மை வராது.

காலை ஷிப்டு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்த சத்யப்பிரியாவிடம் போய் நின்றாள். மணிமங்கலத்துப் பெண்.

"ஷிப்டு முடிஞ்சு இன்னும் பாதி ஷிப்டு தங்கணும். மூணு நாள்தான். ஓவர்டைம் காசு உண்டு."

"அவங்களுக்கு சேரும்போதே கொடை கேட்டீங்க" என்றாள் சத்யப்பிரியா, குழாயை மூடாமல். "எங்கள இன்னா கேட்டீங்க? எந்த பஸ்ல வருவேன்னு கேட்டீங்க."

ஷெர்லின் குழாயை மூடினாள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வூடு பக்கம், அவர்களுக்கு என்ன வேண்டியிருக்கும் என்று கேட்காமல் விட்டிருந்தாள்.

"இப்ப கேக்குறேன். சொல்லு."

சனிக்கிழமை காலை தாம்பரத்தில் குரூப் ஃபோர் வகுப்பு. அன்றைக்கு மட்டும் மதிய ஷிப்டு வேண்டும். இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டாள், வெகுநாளாக வைத்திருந்தது போல. அந்தச் சனிக்கிழமைகளில் காலை ஷிப்டுக்கு மாறிக்கொள்ளப் பேச்சி உடனே ஒப்புக்கொண்டாள். இரவு ஷிப்டில் இருந்த வடக்குப்பட்டு சுபாஷுக்குக் கபடிப் போட்டி. அதற்கும் ஒருத்தன் மாற்றிக்கொண்டான். காலை ஆட்கள் கொஞ்சம் தங்குவது, இரவுப் பையன்கள் கொஞ்சம் முன்னால் வருவது என்று முடிவானது. அப்படியும் ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே ஷெர்லினே நிற்பதாகச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு பரீட்சை பாஸ் பண்ணா போயிருவாளே" என்றார் உதயசூரியன்.

"போவட்டும் சார். போற வரைக்கும் நல்லா செய்வா."

அவர் ஷிப்டு மாற்றத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு மாலை பெண்கள் பையோடு கிளாம்பாக்கத்துக்கு பஸ் ஏறினார்கள். திங்கள் மதியம் ஷெர்லின் தொப்பியும் கையுறையும் போட்டு போர்டு முன்னால் நின்றாள். கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, வேகம் மட்டும் இல்லை.

"அக்கா, நீங்க சுத்துனது கொயந்தைக்கு துண்டு சுத்துன மாதிரி கீது" என்றான் முன்னதாக வந்த சுபாஷ்.

"வாய மூடிட்டு வயர எடுடா."

"மூடிகினுதான் இருந்தேன். உன்னப் பாத்தா தொறக்குது."

சத்யப்பிரியா தன் போர்டை முடித்துவிட்டு இவளுடையதில் பாதியைச் செய்துகொடுத்தாள். திங்கள்கிழமை வயர்க்கட்டு எண்ணிக்கை குறைந்தது. செவ்வாய்க்கிழமை குறையவில்லை. அன்று இரவு பேச்சி போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். மேளச் சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை. ஷெர்லின் கால்களை வெந்நீரில் வைத்தபடி அதை முழுக்கப் பார்த்தாள். புதன்கிழமையும் லைன் நிற்கவில்லை. இனி அவர்கள் வர வேண்டியதுதான் பாக்கி. வருவார்கள் என்றே தோன்றியது.

மறுநாள் வியாழக்கிழமை. மதிய ஷிப்டு பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. முத்துச்செல்வி தவிர எல்லோரும் இறங்கினார்கள். அவளுக்கு ஊரில் மாப்பிள்ளை முடிவாகிவிட்டது, வேலைக்கு வரமாட்டாள். காலையிலேயே ஷெர்லினுக்குப் போன் செய்து சொல்லியிருந்தாள். பேச்சி அதிரசம் கொண்டுவந்தாள். பூர்ணிமா இரண்டு எடுத்துக்கொண்டாள். உதயசூரியன் லைன் பக்கம் ஒரு சுற்று வந்துவிட்டு, காலி இடத்துக்கு ஆள் பார்க்கச் சொன்னார். காண்ட்ராக்டர் பேச்சு வரவில்லை. மூன்று மணிக்கு ஷெர்லின் ஏஜென்சிக்குப் போன் செய்தாள். ஐந்தரைக்கு வீட்டுக்குப் போனாள்.