உமிச் சாம்பலும் ஒரு சாலை மறியலும்

நான் படித்தது பல் தொழில்நுட்பம். குத்தாலத்துப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் பிடிபடவில்லை. "பல்லு டாக்டருக்குப் படிக்குது" என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், அதை வைத்துப் பல்செட் செய்பவள்தான் நான் என்று முதல் வருடம் முழுக்க விளக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

கடைசி வருடம் ப்ராஜெக்ட் செய்து ஆய்வேடு கொடுக்க வேண்டும். பல்செட்டில் ஈறு மாதிரித் தெரியும் பகுதி அக்ரிலிக்கால் ஆனது. கை தவறி விழுந்தால் இரண்டாக உடையும். அதில் உமியை எரித்த சாம்பலைக் கலந்தால் பலம் கூடுமா என்று பாருங்கள் என்று எங்கள் வழிகாட்டி ஆசிரியர் சொன்னார். "உங்க ஊர்ல உமிக்கு என்ன பஞ்சம்?" என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. இந்த வேலையில் எனக்குக் கூட்டாளி என் தோழி. நாகூர்ப் பக்கத்துப் பெண், அப்பா துபாயில் இருந்தார். எதற்கும் பதறாதவள். நான் அவளுக்கும் சேர்த்துப் பதறுவேன்.

உமி சுலபமாகக் கிடைத்தது. ரைஸ்மில்லில் ஒரு சாக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அதைக் கல்லூரி ஆய்வகத்துச் சூளையில் வெள்ளைச் சாம்பலாகும் வரை எரித்தோம். மாவாகப் பொடிக்கத்தான் கல்லூரியில் கருவி இல்லை. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்ஸி எங்கள் வீட்டில் இருந்தது. அதில் போட்டேன். "சட்னி அரைக்கிற ஜார்ல சாம்பலைப் போடுறியே, உனக்கு மூளை இருக்கா?" என்று அம்மா கத்தினாள். பாதி அரைபடும்போதே மின்சாரம் போய்விட்டது.

அந்த வருடங்களில் மின்சாரம் போவதுதான் வழக்கம், இருப்பது அதிசயம். ஆட்சி மாறினால் கரண்ட் வரும் என்றார்கள். ஆட்சி மாறியது. மிக்ஸி வந்தது, ஃபேன் வந்தது, கரண்ட் மட்டும் வரவில்லை. எங்கள் ப்ராஜெக்ட்டின் கழுத்தைப் பிடித்ததும் அதுதான். அக்ரிலிக்கை மாவு போலப் பிசைந்து, சோதனைக்கான சின்னப் பட்டைகளாக அச்சில் அழுத்தி, வெந்நீர்த் தொட்டியில் மணிக்கணக்கில் ஒரே சூட்டில் வேகவைக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போகும், தண்ணீர் ஆறும். திரும்பி வந்ததும் தொட்டி மறுபடி சூடாகும். அச்சைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பட்டையிலும் ஆப்பத்தைப் போல ஓட்டைகள். ஜெனரேட்டர் நோயாளிகள் பிரிவுக்கு மட்டும்தான். கேட்டுப் பார்த்தோம். "ஸ்டூடண்ட்ஸ் லேபுக்கெல்லாம் லைன் இல்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்று முறை வீணான பிறகு, தோழி ஒரு கேஸ் அடுப்பைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் தீயைக் கூட்டிக் குறைக்க, நான் பாத்திரத்துக்குள் வெப்பமானியைப் பிடித்தபடி நின்றேன். நாள் முழுக்க நின்றதில் கால் மரத்துப்போனது, தலைமுடியில் அக்ரிலிக் திரவத்தின் நெடி ஏறி நாலு குளியலுக்கும் போகவில்லை. ஆனால் ஓட்டையில்லாத பட்டைகள் கிடைத்தன. சாம்பல் கலந்தவை கொஞ்சம், கலக்காதவை கொஞ்சம்.

இனி உடைத்துப் பார்க்க வேண்டும். அதற்கான இயந்திரம் தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் இருந்தது. ஆசிரியர் யார் யாரையோ பிடித்து ஒரு திங்கட்கிழமை காலையில் நேரம் வாங்கிக் கொடுத்தார். பட்டைகளைத் தேய்த்துச் சீராக்குவதற்காக நான் அவற்றை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். சோதனை வரை அவை தண்ணீரிலேயே கிடக்க வேண்டும் என்பதால், மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, திங்கட்கிழமை விடிந்ததும் மடியில் வைத்துக்கொண்டு கும்பகோணம் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

பஸ் மெயின் ரோடு ஏறியதும் நின்றுவிட்டது. முன்னால் கூட்டம். ரோட்டின் குறுக்கே நாற்றுக் கட்டுகள், கவிழ்த்துப் போட்ட ஒரு மாட்டுவண்டி. நடுவில் என் அப்பா உட்கார்ந்திருந்தார்.

விஷயம் எனக்குத் தெரியாததல்ல. ஒரு கம்பெனி எரிவாயுக் குழாய் பதிக்க எங்கள் பக்கத்து வயல்களில் குறி போட்டிருந்தது. நடவு ஆன வயலிலேயே இயந்திரத்தை இறக்கப்போகிறார்கள் என்று பேச்சு. என் தாத்தா மிராசுதாரர் பண்ணையில் வேலை செய்தவர். அப்பா காலத்தில்தான் நாலு மா நிலம் எங்கள் பெயருக்குப் பட்டா ஆனது. அதனால் அப்பா ரோட்டில் உட்கார்ந்ததில் எனக்கு வியப்பில்லை. அன்றைக்கு உட்கார்ந்ததுதான் தாங்கவில்லை. டப்பாவோடு இறங்கி ஓடினேன்.

"அப்பா, எனக்கு இன்னிக்குத் தஞ்சாவூர்ல டெஸ்ட்டுன்னு சொன்னேன்ல? நேத்தே சொல்லியிருந்தா நேத்தே கெளம்பியிருப்பேன்ல?"

"வீட்டுல யாரும் சொல்லக் கூடாதுன்னு முடிவு. வெளியில போனா போலீசு முன்னாடியே வந்து நிக்கும்."

"நான் போய்ப் போலீஸ்ல சொல்வேனா?"

"நீ சொல்ல மாட்ட. உங்கம்மா கொழாயடியில சொல்லிடுவா." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு பஸ்ஸ விட்டா எல்லாத்தையும் விடணும்மா. இவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? வரப்பு வழியா அந்தப் பக்கம் போயி வேற பஸ் பிடி."

அந்த யோசனையைக் கேட்டு நகர்வதற்குள் போலீஸ் வேன்கள் வந்துவிட்டன. எல்லோரையும் தூக்கி ஏற்றினார்கள். "நான் ஸ்டூடண்ட், பஸ்ல வந்தேன்" என்றேன். "எல்லாரும் அதத்தான் சொல்றீங்க, ஏறும்மா" என்று ஒரு பெண் காவலர் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கி அடைத்தார்கள். முன்னாலேயே தஞ்சாவூர் போய்ச் சேர்ந்திருந்த தோழி போனில் கூப்பிட்டாள்.

"எங்கடி இருக்க? மெஷின்காரர் கத்துறாரு."

"மண்டபத்துல இருக்கேன்."

"கல்யாணமா? இன்னிக்குப் போய்க் கல்யாணத்துக்கா போவ?"

அரெஸ்ட் என்றேன். எதற்கும் பதறாதவள் அன்று பதறினாள். எனக்கு அழுகை வந்தது, எரிச்சலும் வந்தது. டப்பாவில் என்ன என்று அந்தப் பெண் காவலர் கேட்டார். பல்செட் செய்யும் பொருள் என்றேன். உடனே வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டி, "இது ராவெல்லாம் குத்துதும்மா, என்னன்னு பாரேன்" என்றார். நான் டாக்டர் இல்லை என்று முதல் வருடத்து விளக்கத்தை மறுபடி ஆரம்பித்தேன்.

மத்தியானம் சாம்பார் சாதம் கொடுத்தார்கள். அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து தன் பொட்டலத்தையும் எனக்குக் கொடுத்தனுப்பினார். நான் அதைத் திருப்பி அனுப்பினேன். சாயங்காலம்தான் விட்டார்கள். வீடு வரை அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன்.

இயந்திரத்துக்கு அடுத்த நேரம் எங்கள் தேர்வுக்கு அப்புறம்தான் என்றார்கள். "பழைய பேட்ச் ரீடிங் எதையாவது கொஞ்சம் மாத்திப் போட்டு முடிங்க, யார் பாக்கப்போறா?" என்றார் ஆசிரியர். கேஸ் அடுப்பின் முன் நின்ற கால் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. மாட்டேன் என்றேன். தோழி பொறியியல் கல்லூரி வாசலில் தினமும் போய் நிற்க ஆரம்பித்தாள். கடைசியில் அவளது தொல்லை தாங்காமல், ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் இயந்திரத்தை விட்டார்கள்.

பட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தோம். இயந்திரம் மேலிருந்து மெல்ல அழுத்த, டக்கென்று உடையும். சாம்பல் கலக்காதவை நன்றாகவே தாங்கின. சாம்பல் கலந்தவை அவற்றுக்கு முன்னாலேயே உடைந்தன. கடைசிப் பட்டை வரை அப்படித்தான். சாம்பல் நைசாக அரைபடவில்லை, கட்டி கட்டியாக உள்ளே நின்றிருக்கிறது என்பது உடைந்த முனையைப் பார்த்தபோதே தெரிந்தது.

"பலம் கூடும்னுதானே முன்னுரையில எழுதியிருக்கீங்க?" என்று ஆசிரியர் கோபப்பட்டார். முன்னுரையை மாற்றினோம். பலம் குறைந்தது என்றே எழுதினோம், ஏன் குறைந்திருக்கும் என்பதையும் எழுதினோம். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் பக்கங்களைப் புரட்டி, "எதால அரைச்சீங்க?" என்று கேட்டார். மிக்ஸி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த மாணவரைக் கூப்பிட்டார். ஒரு வருடத்து உழைப்புக்குக் கேட்ட கேள்வி அவ்வளவுதான்.

வெளியே வேப்ப மரத்தடியில் அப்பா நின்றிருந்தார். வரச் சொல்லி நான் கூப்பிடவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு சரியாக வரவே இல்லை. குழாய் வேலையை அறுவடை வரைக்கும் நிறுத்திவைத்திருந்தார்கள், அதற்கப்புறம் என்ன என்று யாருக்கும் தெரியாது.

"பாஸா?"

"பாஸ்தான்."

"அப்ப ஏம்மா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

பாஸ் வேறு, நான் எதிர்பார்த்தது வேறு என்பதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "சாம்பல் சரியா வரலைப்பா" என்றேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை இந்த முறை பக்கத்தில் நடந்தோம். எனக்குக் கோபம் முழுசாகத் தீரவில்லை.