கரும்பலகையில் பதினொன்று

அந்தக் கரும்பலகையைச் சுவரில் மாட்டியவன் நான்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைத் திட்ட வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பம்மலிலிருந்து திருநீர்மலை போகும் சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு வருடம் ஆனி மாதம் எங்களுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. ஸ்டோர்ஸில் கிடந்த உதிரி பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். எந்த ரேக், எந்தத் தட்டு, எந்த மெஷினுக்கு உரியது என்று சீட்டில் எழுதி, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எட்டு வாரம் கெடு. என் பொறுப்பில் நான்கு பேர். டிப்ளமோ முடித்த இரண்டு இளைஞர்கள், மாடம்பாக்கத்திலிருந்து வந்த டைப்பிஸ்ட் பெண், ஸ்டோர்ஸிலேயே பத்து வருடமாக உழைத்துக்கொண்டிருந்த ஒருவர். நால்வருமே தற்காலிகம்தான்.

ஸ்டோர்ஸ்காரர் கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவார். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணா என்பேன். நாற்பத்தைந்து முடிந்துவிட்டால் நிரந்தரம் கிடையாது என்பது அங்கே விதி. அவருக்கு வருகிற தை மாதத்தோடு நாற்பத்தைந்து முடிகிறது. இந்தத் திட்டத்தில் நன்றாக வேலை செய்யும் இருவரை நிரந்தரமாக்குவோம் என்று மேலாளர் முதல் நாளே அறிவித்தபோது, அவர் என்னிடம் தனியாக வந்து சொன்னார்: “இத வுட்டா வேற படகு கெடையாது சார்.”

முதல் வாரம் வேலை ஒழுங்காகவே நடந்தது. எளிதான போல்ட், வாஷர்களை இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடைசி ரேக்கில் இருந்த பேரிங்குகளை அவர் எடுத்துக்கொண்டார். பாதிக்கு மேல் அட்டைப்பெட்டி கூட இல்லாதவை. கிரீஸ் காய்ந்து கல்லாகிப் போனதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தால்தான் பொறித்த எண் தெரியும். எண்ணே தேய்ந்திருந்தால் வெர்னியரில் அளப்பார், கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போவார், ஃபிட்டரிடம் “இது எந்த மெஷினுது?” என்று கேட்டு, மெஷினோடு பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் சீட்டு எழுதுவார். ஒரு நாளைக்குப் பத்து, பதினொன்று. வாஷர் பக்கம் தொண்ணூறு, நூறு.

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் வழக்கம். மழை, ரயில் தாமதம், படித்த புத்தகம் எல்லாம் எழுதுவேன். யார் எத்தனை சீட்டு எழுதினார்கள் என்பதையும் அப்படித்தான் எழுதினேன். அதற்கு எந்த நோக்கமும் இல்லை. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, மேலாளர் நகரத்து ஓட்டல் ஒன்றில் மூன்று நாள் பயிற்சி முடித்துவிட்டு, பளபளக்கும் ஃபைலோடு வந்தார். என் நோட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

“தங்கச் சுரங்கத்தை மேஜைக்குள்ள வச்சிருக்கீங்களே! இத போர்டுல போடுங்க. போட்டி இருந்தாத்தான் மனுஷன் ஓடுவான். இதான் மோட்டிவேஷன்.”

“பேரிங்குக்கும் வாஷருக்கும் ஒரே கணக்கா சார்?”

“சீட்டுன்னா சீட்டுதானே? சிம்பிளா வைங்க.”

போர்டை கேண்டீன் வாசலில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். ஆணிகூட நானே அடித்தேன். மறுநாளிலிருந்து, தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் படித்தார்கள். தொண்ணூற்றாறு, நூற்றிரண்டு, டைப்பிஸ்டுக்கு எண்பத்தெட்டு, அவருக்குப் பதினொன்று.

“இன்னாண்ணா, இன்னிக்கும் பதினொண்ணா? வலையில ஓட்டையா?” என்றான் இளைஞர்களில் ஒருவன்.

“நீ புட்ச்சது நெத்திலிடா மச்சான். அள்ளிக்கினு போலாம். நான் புட்ச்சினு கீறது சுறா.”

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார். அது முதல் நாள். நான்காம் நாள் யாரோ அவர் எண்ணுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஓர் ஆமை வரைந்திருந்தார்கள். அன்று அவர் கேண்டீனுக்குச் சாப்பிட வரவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவர் கடைசி ரேக் பக்கமே போகவில்லை. ஒரு வாளி நிறைய வாஷரை முன்னால் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் போர்டில் அவருக்கு நூற்றுப்பத்து. மேலாளர் என் தோளைத் தட்டினார்.

“பாத்தீங்களா? இதே ஆளுதான். ஒரு போர்டு, அவ்ளோதான்!”

எனக்கு அப்போதே வாயில் வந்தது; தலையை மட்டும் ஆட்டினேன். நல்ல வேலைக்காரர் ஒருவரை அரைகுறை வேலைக்காரராக்க எங்களுக்கு இரண்டு வாரம்கூடத் தேவைப்படவில்லை. அதற்கு உற்சாகமூட்டல் என்று பெயர்!

ஆறாவது வாரம் முடியும்போது போல்ட், வாஷர் எல்லாம் தீர்ந்து, கடைசி ரேக்கின் மீதி மட்டும் அப்படியே நின்றது. இளைஞர்களிடம் சொன்னேன். “நம்பர் அடி வாங்கும் சார்” என்று நேர்மையாகவே சொன்னார்கள். பழுதான பம்புகளின் பாகங்களைப் பட்டியல் போடப் போய்விட்டார்கள். அதுவும் எளிதான வேலைதான். நான் அவரிடம் போனேன்.

“அண்ணா, நீங்க எடுத்தாத்தான் உண்டு.”

“எடுத்தா போர்டுல ஆமை தான் சார் வரும். கடைசி வாரத்தப் பாத்துதான் லிஸ்ட் போடுவாங்கன்னு பேசிக்கிறாங்களே.”

“நான் மேலாளர்கிட்ட எடுத்துச் சொல்றேன். என் பொறுப்பு.”

அவர் மண்ணெண்ணெய் டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டார். “நீ சொல்ற. செய்றேன்” என்றார். அதுவரை என்னை நீ என்று சொன்னதில்லை.

இரண்டு வாரம். துடைத்தார், அளந்தார், பட்டறைக்கு நடந்தார். மறுபடியும் பதினொன்று, பன்னிரண்டு, ஒன்பது. சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய டைப்பிஸ்ட் பெண் என்னிடம் சொன்னாள்: “சார், அவர் சீட்டுல ஒண்ணுகூட திருப்பி அனுப்பல. அவங்க ரெண்டு பேரோடதுல பத்துக்கு மூணு தப்பு. அதை யாரு போர்டுல போடுறது?”

கெடு முடிந்த சனிக்கிழமை பட்டியல் தயாராக என் மேஜைக்கு வந்தது. இரண்டு இளைஞர்கள். கீழே என் கையெழுத்துக்கு இடம். மேலாளர் அறைக்குப் போய் எல்லாம் சொன்னேன். பேரிங், ஃபிட்டர், தப்பில்லாத சீட்டு. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது உணர்ச்சி. இது ரெக்கார்ட். அதுவும் உங்க கையெழுத்துல இருக்கிற ரெக்கார்ட். நீங்க எழுதினதையே நீங்க மறுக்கப் போறீங்களா?”

மறுத்திருக்கலாம். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்திருந்தால் பட்டியல் இரண்டு நாளாவது நின்றிருக்கும், மேலே யாராவது காரணம் கேட்டிருப்பார்கள். ஆனால் பொழிச்சலூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன், எனக்கும் அந்த ஆண்டு பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. போட்டேன்.

அவரிடம் நான்தான் சொன்னேன். ஸ்டோர்ஸ் ஜன்னல் பக்கம் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சொன்னியா சார் அவர்கிட்ட?”

“சொன்னேன்ணா.”

“சொல்லிட்டு இன்னா பண்ண?”

அவர் துணியை மடித்து ரேக்கில் வைத்தார். “உன்ன நம்புனது பேஜாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். திங்கட்கிழமை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அவர் இல்லாமல் தொழிற்சாலை திண்டாடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, வெளியூரிலிருந்து இயக்குநர்கள் பார்வையிட வந்திருந்த நேரம், பெரிய கம்ப்ரஸர் நின்றது. பேரிங் போய்விட்டது. பழைய காலமாயிருந்தால் அரை நாள் தேடல். மேலாளர் விருந்தினர்களைக் கம்ப்யூட்டர் முன்னால் கூட்டிப்போனார். டைப்பிஸ்ட் மெஷின் எண்ணைத் தட்டினாள். கடைசி ரேக், மூன்றாம் தட்டு, இடப்பக்கம். நான்கே நிமிடத்தில் பேரிங் வந்து சேர்ந்தது. அளவு துல்லியம். ஒரு மணி நேரத்தில் கம்ப்ரஸர் ஓடியது.

“டீமுக்கு சரியான இலக்கும் சரியான போட்டியும் கொடுத்தா என்ன நடக்கும்னு இதுல பாக்கலாம்” என்று மேலாளர் அவர்களிடம் விளக்கினார். நிரந்தரமான இளைஞர்கள் இருவரும் அவருக்கு இருபுறமும் நின்றார்கள்.

“சார், அந்தச் சீட்டு…” என்று டைப்பிஸ்ட் பெண் ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தாள். மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

இயக்குநர்கள் கை தட்டினார்கள். இளைஞர்கள் தட்டினார்கள். நானும் தட்டினேன்.