அரையங்குலத்தின் சீத்தாப்பழம்

அரையங்குலத்துக்கு மரம் வளர்க்கத் தெரியாது. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "உங்களுக்கு மட்டும் ரொம்பத் தெரியுமாக்கும்" என்பார், வாயில் குண்டூசியைக் கடித்தபடியே.

அவர் டெய்லர். யார் துணி கொடுத்தாலும், எதற்கும் இருக்கட்டும் என்று உள்பக்கம் அரை அங்குலம் கூடுதலாக விட்டுத் தைப்பார். "மனுஷன் நாளைக்கே ரெண்டு சுத்து பெருத்துட்டா என்ன பண்றது?" என்பது அவர் வாதம். அதனால் தெருவே அவரை அரையங்குலம் என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருக்கிறது. அவர் கடைக்கும் என் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே மெஷின் ஓடினால் இங்கே ஆணியில் தொங்கும் ஸ்பேனர்கள் ஆடும். எனவே அவர் வேலை செய்கிறாரா, சும்மா இருக்கிறாரா என்பது எனக்கு எப்போதும் தெரியும்.

அவர் மனைவி நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவர். ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு சமயத்திலும் வீட்டில் ஏதாவது ஒரு செலவு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பவும் வார்டுக்குள் போய்விடுவார். ஒன்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது. மகன் கல்லூரி விடுதியில் இருக்கிறான். ஆக, கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் அரையங்குலமும் ஒரு சீத்தா மரமும்தான்.

அந்த மரம் அந்த அம்மா போட்டது. போட்டது என்றால், தின்று துப்பிய விதை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தானாக முளைத்தது. முளைத்த செடிக்கு அடி போன வாளி ஒன்றை அரணாகக் கவிழ்த்துவிட்டு விமானம் ஏறினார். அதற்குப் பிறகு மரம் வளர்ந்தது, காய்த்தது, அணிலும் நாங்களும் தின்றோம். அந்த அம்மா மட்டும் ஒரு பழம்கூடத் தின்றதில்லை. லீவு கிடைக்கிற மாதம் ஒன்று, பழம் பழுக்கிற மாதம் வேறொன்று. ஒரே ஒரு தடவை இரண்டும் சேர்ந்து வந்தன. அன்றைக்கு ஆசையாகப் பிட்டால், உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது. எல்லாப் பழத்திலும் புழு. "என் அதிர்ஷ்டத்தப் பாத்தீங்களா அண்ணே, எனக்கு முன்னாடி பந்தியில உக்காந்துடுச்சு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். திரும்ப வேலைக்குக் கிளம்புகிற அன்று அதே பழத்தைச் சொல்லி அழுதார். பழத்துக்காகத்தான் அழுதார் என்று நான் நம்பவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் லீவும் பழமும் ஒரே மாதத்தில் வருவதாக இருந்தது. அரையங்குலம் என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை அவ ஒரு பழமாவது முழுசா சாப்பிட்டாகணும். பூச்சிமருந்துக் கடை விஷம் எதையும் கிட்ட சேக்கமாட்டேன். அத அடிச்சுட்டு அவ வாயில எப்படிக் குடுக்கறது?"

"அப்ப புழுவ என்ன, கெஞ்சிக் கேக்கப் போறீங்களா?"

"ஈ வந்து முட்டை போட்டாத்தான புழு? ஈ உக்காரவே இடம் குடுக்கலேன்னா?"

மறுநாள் இஞ்ச் டேப்போடு மரத்தின் மேல் ஏறினார். பிஞ்சுகளுக்கு அளவெடுத்தார். சட்டைக் காலருக்கு வைக்கிற மெல்லிய துணியில், சுருக்குக் கயிறு வைத்து, ஒவ்வொரு காய்க்கும் ஒரு பை தைத்து மாட்டினார். வளருமே என்று தாராளமாகவே விட்டிருந்தார். மரம் முழுக்க வெள்ளைப் பை. "என்ன டெய்லரே, மரத்துக்கு யூனிஃபார்மா? எந்த ஸ்கூல்ல சேத்திருக்கீங்க?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான்.

தினமும் மதியம், அங்கே அந்த அம்மாவுக்குச் சாப்பாட்டு பிரேக் விடுகிற நேரத்தில் வீடியோ போன் வரும். படம் வந்ததுமே முதல் வார்த்தை, "மரத்தக் காட்டுங்க."

"என்னைப் பாக்கமாட்டியா?"

"உங்களுக்கு என்ன, பூச்சியா புடிச்சிருக்கு? மரத்தக் காட்டுங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஈ உள்ளே போகவில்லை, சரி. ஆனால் பையைக் கட்டும்போதே காம்பின் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த மாவுப்பூச்சியை அவர் பார்க்கவில்லை. மாவு தூவினாற்போல வெள்ளையாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற ஜாதி அது. வெயில் படாத, காற்று படாத, மெத்தென்ற துணி வீடு; குடும்பம் குடும்பமாகப் பெருகிவிட்டது. போதாததற்கு எறும்பு. எறும்புக்கு மாவுப்பூச்சி கறவை மாடு. அது விடுகிற தித்திப்பு நீருக்காக அதைக் காவல் காத்து, கிளைக்குக் கிளை தூக்கிக்கொண்டுபோய் வைக்கும். இலையெல்லாம் கரி பூசினாற்போல ஆகி, பிஞ்சுகள் உதிர ஆரம்பித்தன.

பைகளைக் கழற்றினார். சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனைகிறமாதிரி அடித்தார். எறும்பு ஏறாமல் இருக்க அடிமரத்தில் துணிப்பட்டை சுற்றி, அதன்மேல் என் கடை கிரீஸைத் தடவினோம். மரப்பட்டையில் நேராகப் பூசினால் மரம் கெட்டுவிடும். அப்படியும் மேலே எறும்பு குறையவில்லை. எந்த வழியாகப் போகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டு நின்றபோது, மரத்தில் கட்டியிருந்த, துணி காயப்போடுகிற கயிறு கண்ணில் பட்டது. எறும்பு அரையங்குலத்தின் பனியன்மேல் ஏறி இறங்கி, வரிசை கலையாமல் மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கயிற்றை அறுத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய பூச்சிகள் வந்தன. அதே வெள்ளை. ஆனால் மும்மடங்கு பெரிது, உடம்பெல்லாம் பிசிறு பிசிறாகப் பஞ்சு தொங்கும்.

"பாத்தீங்களா, இதுதான் இதுங்களோட அப்பன்" என்றார் அரையங்குலம். நூல் பிடுங்குகிற இடுக்கியை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் மரத்தடியில் நின்றுவிடுவார். பெரியதாகத் தேடிப் பிடித்து நசுக்குவார். சிறியதைத் துடைப்பதைக்கூட விட்டுவிட்டார். அப்பனை ஒழித்தால் பிள்ளை தானாக ஒழியும் என்பது கணக்கு. அவர் நசுக்க நசுக்க மாவுப்பூச்சி பெருகியதே தவிரக் குறையவில்லை. வாடிக்கையாளர்கள் துணி கேட்டு நடையாய் நடந்தார்கள். என் ஸ்பேனர்கள் ஆடாமல் தொங்கின.

ஒருநாள் மதியப் போனில், அந்த அம்மா, "இருங்க, இருங்க, போனை இன்னும் கிட்ட கொண்டுபோங்க" என்றார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"இந்தப் பெருசா? இரு, நசுக்கிடறேன்" என்று இடுக்கியை நீட்டினார் இவர்.

"ஐயோ, கைய எடுங்க! அது என்ன பண்ணுதுன்னு பாருங்க முதல்ல."

பார்த்தோம். பெரியது, சிறியதன்மேல் கவிழ்ந்து அதைத் தின்றுகொண்டிருந்தது. தின்று முடித்து, மாவுப்பூச்சிக்கு இல்லாத வேகத்தில் நகர்ந்துபோய் அடுத்ததைப் பிடித்தது. அரையங்குலத்தின் வாய் திறந்தபடியே நின்றது.

"எத்தனை நாளா கொல்றீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

அவர் இடுக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். உதவிக்கு வந்தவனை, திருடனின் சட்டையைப் போட்டிருக்கிறான் என்று அடித்துக் கொன்ற கதை. அதிலும் சட்டை தைக்கிறவனே செய்தால் எப்படி இருக்கும்?

"இனிமே கைய கட்டிக்கிட்டு இருங்க. சோப்புத் தண்ணியும் வேணாம், அதுலயும் அது செத்துடும். சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

"கண்ணு முன்னால மரம் இப்படிக் கெடக்கும்போது சும்மா பாத்துக்கிட்டு எப்படிம்மா இருக்கறது?"

"கஷ்டமா இருக்குல்ல? தூரத்துலேந்து பாத்துக்கிட்டு மட்டும் இருக்கறது எப்படின்னு இப்பவாச்சும் தெரிஞ்சுக்குங்க" என்றார் அந்த அம்மா. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்காமல், கடையில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி வந்துவிட்டேன்.

அவர் சும்மா இருந்தார். எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். மெஷின் நாள் முழுக்க ஓடியது. மிச்சமிருந்த பஞ்சுப் பூச்சிகள் தின்று கொழுத்து, கூடு கட்டி, கறுப்பு முதுகும் செங்கல் நிறத் தலையுமாகச் சின்ன வண்டுகளாக வெளியே வந்தன. அவை மறுபடியும் முட்டையிட்டன. மாவுப்பூச்சி மெல்ல வடிந்தது. அதற்குள் பெரும்பாலான காய்கள் உதிர்ந்துவிட்டன. தேறியவை ஒரு கைப்பிடி. அவற்றைத் துடைத்து, காம்பிடுக்கைப் பார்த்து, சுத்தம் என்று தெரிந்த பிறகே மறுபடியும் பை மாட்டினார்.

"போதும்ணே. அவளுக்கு ஒண்ணு போதும்" என்றார்.

காய்கள் திரண்டுகொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது. வார்டில் ஆள் பற்றாக்குறை. எல்லார் லீவையும் தள்ளிவிட்டார்களாம். எப்போது கிடைக்கும் என்று சொல்லமாட்டார்களாம். இதைச் சொன்னபோதும், "மரத்தக் காட்டுங்க" என்றுதான் சொன்னார். இவர் காட்டவில்லை. பேச்சைத் துண்டித்துவிட்டார். அடுத்த நாள் மதியம் அது அடித்து அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்.

"அங்க அவங்க சோத்த முன்னால வெச்சுக்கிட்டு போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. லீவு தள்ளிப்போனது அவங்க பண்ண தப்பா? வீம்புக்கும் ஒரு அளவு வேணாமா டெய்லரே?"

"எனக்கு அவ வேணும்ணே" என்றார் அரையங்குலம். அவ்வளவுதான் சொன்னார். ஒன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். என் கோபம் போன இடம் தெரியவில்லை. மறுநாள் போன் அடித்ததும் எடுத்தார், மரத்தைக் காட்டினார்.

பழத்துக்கு இதெல்லாம் தெரியுமா? அதன் கண்கள் விரிந்து, இடுக்குகள் வெளுக்க ஆரம்பித்தன. சீத்தாப்பழத்தில் கண் விரிந்தால் பறித்தாக வேண்டும். விட்டுவைத்தால் வெடிக்கும். பறித்தாலோ, ஓரிரு நாளில் குழைந்துவிடும். ஒன்றை ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தார். தோல் கறுத்துக் கல்லாகிப்போனது. ஒன்றை மரத்திலேயே விட்டுவைத்தார். அணில் பையைக் கிழித்துவிட்டது.

"அத வெச்சு அழுதுக்கிட்டு இருக்காதீங்க" என்றார் அந்த அம்மா போனில். "நீங்க சாப்பிடுங்க. நான் பாக்கணும்."

மறுநாள் மதியம் அரையங்குலம் என்னைக் கூப்பிட்டார். பழத்தைப் பிட்டால் இரண்டு கையும் பிசுபிசுத்துவிடும், போனைப் பிடிக்க ஆள் வேண்டும். கையிலிருந்த கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுப் போனேன். கட்டிங் டேபிளில் துணிகளை ஒதுக்கி, ஒரு தட்டில் பழத்தை வைத்திருந்தார். கசங்காத சட்டை போட்டுத் தலை வாரியிருந்தார். போனில் அந்த அம்மா வெள்ளை யூனிஃபார்மில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பிட்டார். உள்ளே வெள்ளை வெளேரென்று சுளைகள். புழு இல்லை. ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"சப்புனு இருக்கு. ஒண்ணும் பெரிய விசேஷமில்ல. நீ வந்திருந்தாலும் ஏமாந்துதான் போயிருப்ப."

அந்த அம்மா திரைக்கு இன்னும் கிட்ட வந்தார். இவர் இன்னொரு சுளையை எடுத்தார். பிறகு இன்னொன்று.

"சப்புனு இருக்கறத எதுக்குங்க கண்ண மூடிக்கிட்டு சாப்பிடறீங்க?"

அரையங்குலம் கண்ணைத் திறந்தார். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. இரண்டு கையிலும் பழம், துடைக்க வழியில்லை. போனைப் பிடித்திருந்த என்னாலும் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

"இனிக்குதும்மா" என்றார். "ரொம்ப இனிக்குது."

"மெதுவா சாப்பிடுங்க" என்றார் அந்த அம்மா. "பிரேக் முடிய எனக்கு இன்னும் நேரம் இருக்கு."